சனிக்கிழமை முட்டை

"ரத்தம் பிரமாதம்!" என்றார் டாக்டர். "இரும்பு, கால்சியம், பி-12, எதுவுமே குறையலை. இப்படி ஒரு ரிசல்ட்டை நான் எதிர்பார்க்கவே இல்லை."

தராசுக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் இந்த இடத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பார். தராசுக்காரரும் சிரிக்கத்தான் முயன்றார். வந்தது சிரிப்பா, விக்கலா என்று அவருக்கே தெரியவில்லை.

"உண்மையைச் சொல்றேன்மா," என்று டாக்டர் அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "போன வருஷம் நீங்க வந்தப்போ, பால் கிடையாது முட்டை கிடையாதுன்னா குழந்தையை எப்படி வளர்ப்பீங்கன்னு திட்டி அனுப்பினேன்."

"நல்லா ஞாபகம் இருக்கு டாக்டர். அந்தத் திட்டு எனக்கு இன்னும் செரிக்கலை."

"இப்போ வாபஸ் வாங்கிக்கறேன். அப்படி என்னதான் கொடுக்கறீங்க?"

"பருப்பு, பட்டாணி, கீரை, எள்ளு, நிலக்கடலை, சோயா பால். அப்புறம் நீங்க எழுதிக் கொடுத்த பி-12 சொட்டு மருந்து. அதை ஒரு நாள்கூட விட்டதில்லை."

"வேற எதுவும்?"

"வேற எதுவுமே இல்லை."

தராசுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காதுக்குள் இவ்வளவு வளைவு நெளிவு இருக்கும் என்று அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். இந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரியான ஏழு வயது மகள், பட்டாணி என்றால் உயிரை விடுவதாலும் வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதாலும் பட்டாணி என்றே அழைக்கப்படுகிறவள், சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு உதவி செய்யணும்," என்றார் டாக்டர். "நீச்சல் குளத்து மாடியில மாசா மாசம் பெத்தவங்களுக்கு ஒரு கூட்டம் நடத்தறேன். அடுத்த கூட்டத்துல நீங்க பேசுங்க. வீகன் சாப்பாட்டுல குழந்தையை வளர்க்கலாமான்னு நிறையப் பேர் கேக்கறாங்க. இனிமே இந்தப் பொண்ணைத்தான் உதாரணமா சொல்லப்போறேன்."

மனைவியின் முகம் அப்படி மலர்ந்து தராசுக்காரர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அதுதான் அவரை இன்னும் கொன்றது.

விஷயம் என்னவென்றால், அந்த ரத்தத்தில் முட்டை இருந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு முட்டை. அதை அவித்துக் கொடுத்தவர் சாட்சாத் தராசுக்காரர்.

இவர் தராசு விற்கிறவர் அல்ல. கடை கடையாகப் போய், எடைக்கற்களும் தராசுகளும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளர். கறாரான மனிதர். 'கண்ணால் பார்க்காமல் முத்திரை குத்தமாட்டேன்' என்பது அவருடைய பல்லவி. கடைக்காரர் காபி வாங்கிக் கொடுத்தாலும், கண்ணீர் விட்டாலும், கல்லைத் தட்டில் வைத்து முள் நடுவில் நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் முத்திரையைக் கையில் எடுப்பார். அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டுத் தராசில் கட்டை விரலை வைத்து அழுத்திவிட்டார்.

காரணம் ஒரு பள்ளிக்கூடப் போட்டோ. அதில் பட்டாணி முன்வரிசையின் ஓரத்தில் நின்றாள். பக்கத்தில் நின்ற குழந்தையின் தோளுக்குத்தான் இவள் தலை வந்தது. தராசுக்காரரின் அக்கா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனில் பிடித்துக்கொண்டாள். "டேய், அது குழந்தைடா, ஆட்டுக்குட்டி இல்லை, தழையைப் போட்டு வளர்க்கறதுக்கு. உன் பொண்டாட்டி கொள்கைக்கு உன் பொண்ணு ஏண்டா காயணும்?"

"குழந்தை நல்லாத்தான் இருக்காக்கா."

"நீ எடை போட்டுப் பார்த்தியா?"

எடை என்ற சொல்லைக் கேட்ட பிறகு அவரால் சும்மா இருக்க முடியுமா? மகளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், முத்திரை குத்திய தராசிலேயே நிற்க வைத்துப் பார்த்தார். எடை கொஞ்சம் குறைவுதான். பெரிய குறைவில்லை என்று புத்தி சொன்னது. அப்பாவின் மனசு கேட்கவில்லை. மனைவியிடம் கேட்டிருக்கலாம், டாக்டரிடம் கேட்டிருக்கலாம். அவரோ அடுத்த சனிக்கிழமை அலுவலகத்து டீக் கெட்டிலில் ஒரு முட்டையை அவித்து, காகிதத்தில் சுற்றி, மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், குளத்து வாசலில் அவள் கையில் வைத்தார்.

"இது என்னப்பா?"

"முட்டை. உடம்புக்கு நல்லது. உள்ள போய்ச் சாப்பிட்டுடு, என்ன? அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்."

பட்டாணி காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அம்மாகிட்ட பொய் சொல்லணுமா?"

"பொய் இல்லம்மா. சும்மா சொல்லாம இருக்கறது."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். தராசுக்காரர் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குழந்தை அதைச் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் அப்படித்தான், கொடுப்பார், திரும்பிக்கொள்வார். சில வாரங்களில் பட்டாணி உயரப் பலகையிலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டபோது, முட்டை வேலை செய்கிறது என்று உள்ளூரப் பூரித்தார். நீச்சல் மாஸ்டர்கூட அவரை எங்கே பார்த்தாலும் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய சலாம் வைத்து, "உங்களை மாதிரி மனுஷங்க இந்தக் காலத்துல எங்க சார் இருக்காங்க!" என்பார். மாதக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுவதால் வந்த மரியாதை என்று தராசுக்காரர் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த முட்டைகள் எல்லாம் சேர்ந்து மேடையேறப் போகின்றன. ஊரார் தங்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைக் கேட்கப் போகிறார்கள்.

மறுநாளே தனியாக டாக்டரைப் பார்க்கப் போனார். எல்லாவற்றையும் கொட்டிவிடுவதாகத்தான் எண்ணம்.

"டாக்டர், சும்மா ஒரு சந்தேகம். வீகன் குழந்தைன்னு சொல்லிட்டு யாராவது வாரம் ஒரு முட்டை கொடுத்தா... அந்த ரத்தம்..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ரத்தத்தை வச்சு நான் ஒண்ணுமே சொல்ல முடியாது. சொட்டு மருந்து வேலை செஞ்சுதா, முட்டை வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்? அதை உதாரணம்னு காட்டினா, அதை நம்பற குழந்தைங்க கதி என்னாகறது? ஏன், யாராவது அப்படிச் செய்யறாங்களா?"

தராசுக்காரர் எழுந்துகொண்டார். "ஆபீஸ்ல... ஒருத்தர்."

"அவரைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க! உங்க மனைவி பேச்சைக் கேட்டாலே திருந்திடுவார்."

ஆக, இல்லாத குற்றவாளி ஒருவரை அலுவலகத்திலிருந்து பிடித்துப் போக வேண்டிய நிலைமை. தராசுக்காரர் தன் உதவியாளரைக் கூப்பிட்டார். இந்த உதவியாளர், டீயில் முட்டை வாடை வருவதை முதல் வாரமே கண்டுபிடித்து, 'பாவம், வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிடுகிறார்' என்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தவர்.

"கூட்டமா? அவசியம் வர்றேன் சார்," என்றார் உதவியாளர். "எங்க வீட்டுலயும் ரொம்ப நாளா அவ சொல்லிட்டிருக்கா, பாலு முட்டை எல்லாம் விட்டுடலாம்னு. பையன் நோஞ்சானாச்சேன்னு நான்தான் பயந்துட்டு இருந்தேன். உங்க பொண்ணு ரத்தமே பிரமாதமாமே! இன்னையிலேருந்து பையனுக்கு எல்லாத்தையும் நிறுத்தறோம்."

"இருய்யா, அவசரப்படாதே! டாக்டரைப் பார்க்கணும். சொட்டு மருந்து கொடுக்கணும். அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு."

"எதுக்கு சார் அதெல்லாம்? நீங்க பார்க்காம முத்திரை குத்துவீங்களா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க தனியா முட்டை சாப்பிடறது எனக்குத் தெரியும் சார். அதனால என்ன? குழந்தை விஷயத்துல சுத்தமா இருக்கீங்க பாருங்க, அதுதான் சார் பெரிய மனசு."

தராசுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பையனை அவர் பார்த்திருக்கிறார். பட்டாணியைவிடச் சின்னவன். கைகள் இரண்டும் குச்சி. தான் வைத்த ஒரு முட்டை இன்னொருவன் வீட்டுப் பிள்ளையின் தட்டு வரைக்கும் உருண்டு போய்விட்டதே என்று அன்று முழுவதும் எந்தக் கடைக்காரரோடும் சண்டை போடாமல் திரும்பினார்.

சரி, இனியாவது நிறுத்திவிடுவோம், நிறுத்திவிட்டால் பாதிப் பொய்யாவது குறையும் என்று அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு மகளைக் கூட்டிப்போனார். குளத்து வாசலில் பட்டாணி வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு இல்லைடா தங்கம். இனிமே வேண்டாம்."

அவள் முகம் தொங்கிவிட்டது. "இல்லையா? ஐயோ, என்னப்பா நீ! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அவ்வளவு பிடிக்குமா உனக்கு?"

பட்டாணி குளத்தின் பக்கம் கவலையோடு பார்த்தாள். பிறகு ஏதோ கணக்குப் போட்டவளாக, "சரி, அடுத்த வாரம் ரெண்டா கொண்டு வந்துடு," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

ரெண்டா! தராசுக்காரர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை முட்டைப் பைத்தியமாகவே ஆக்கிவிட்டேனே, பெற்றவளுக்கு எப்படி முகம் கொடுப்பேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசி வழியாக, கூட்டத்தைத் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம் என்று மனைவியிடம் பேச்செடுத்தார். அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் பொய் சொன்னால் குரலிலேயே பிடித்துவிடுவாள்.

"ஒரு யோசனை. இன்னும் ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் பார்த்துட்டு, அப்புறமா நீ பேசினா என்ன?"

அவள் கீரை ஆய்வதை நிறுத்தினாள். "ஏங்க? இந்த ரிசல்ட்டுல என்ன சந்தேகம்?"

"சந்தேகம்னு இல்லை..."

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லுங்க. உங்க அக்கா ஏதாவது ஓதினாங்களா?"

"ஐயோ, அக்காவை ஏன் இழுக்கறே? நான் உன்னை முழுசா நம்பறேன்!" பதற்றத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். "உன்னை மாதிரி ஒருத்தி உண்டா? இந்த ரத்தத்துக்கு நானே முத்திரை குத்துவேன்!"

அவள் கண் கலங்கிவிட்டது. "நிஜமாவா? அப்போ எனக்கப்புறம் நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க. ஒரு அம்மா சொன்னா பாசத்துல சொல்றான்னு நினைப்பாங்க. எடையளவு ஆபீசரே சொன்னா அப்படியே நம்புவாங்க."

தராசுக்காரர் மிச்சமிருந்த கீரையைத் தானே ஆய்ந்து முடித்தார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் இன்னும் என்னென்ன ஒப்புக்கொள்வோமோ என்று பயமாக இருந்தது.

கூட்ட நாள் வந்தது. நீச்சல் குளத்துக்கு மேலே இருந்த கூடத்தில் குளோரின் வாடை. கீழே பிள்ளைகள் போடும் கூச்சல் தரை வழியாக மேலே வந்தது. முன்வரிசையில் உதவியாளர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் குச்சிக் கைப் பையன்.

மனைவி எழுந்து பேசினாள். கையில் குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"என் பொண்ணு பொறந்த உடனே அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு என்கிட்ட இருந்து பிரிச்சு வேற அறையில வச்சுட்டாங்க. எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலி தாங்க முடியலை. துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. குழந்தை சுவத்துக்கு அந்தப் பக்கம் அழுவுது. எந்தக் குழந்தை அழுதாலும் என் குழந்தைன்னே தோணும். அப்போதான் கன்னுக்குட்டி ஞாபகம் வந்துச்சு. அவ திரும்பி என் கைக்கு வந்தப்போ, இன்னொரு அம்மாகிட்ட இருந்து எடுத்ததை உனக்குக் கொடுக்க மாட்டேன்னு சொன்னேன். என் வீட்டுக்காரரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சரின்னு சொன்னார்."

தராசுக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "பாசம் மட்டும் போதும்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க. டாக்டரைக் கேக்காம, சொட்டு மருந்து இல்லாம, ரத்தம் பார்க்காம செய்யறது தப்பு. அது நம்ம கொள்கைக்காகக் குழந்தையைப் பட்டினி போடற மாதிரி."

உதவியாளர் மனைவியும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிம்மா. இது உங்க முடிவு. குழந்தைகிட்ட கேட்டீங்களா? அதுக்கு விவரம் தெரியாத வயசுல நீங்க முடிவு பண்றது நியாயமா?"

"கேக்கலை," என்றாள் அவள். "நீங்க உங்க குழந்தைக்கு முதல் வாய் கறி ஊட்டினப்போ கேட்டீங்களா? நாம எல்லாருமே கேக்காமத்தான் ஊட்டறோம். அவ பெரியவளாகி வேற மாதிரி முடிவு பண்ணலாம். நான் அழுதாலும் ஒத்துக்குவேன். அவகிட்ட எதையும் மறைக்காம வளர்க்கணும், அவ்வளவுதான் எனக்கு."

கைதட்டினார்கள். டாக்டர், "இப்போ அப்பா ரெண்டு வார்த்தை," என்றார்.

தராசுக்காரர் எழுந்தார். முன்வரிசையில் அந்தப் பையன் விரலைச் சூப்பியபடி அவரையே பார்த்தான்.

"என் வேலை முத்திரை குத்தறது," என்று ஆரம்பித்தார். "இதுக்கு என்னால குத்த முடியாது. மன்னிச்சுடுங்க. வாரா வாரம் சனிக்கிழமை நான் என் பொண்ணுக்கு ஒரு முட்டை அவிச்சுக் கொடுத்தேன். என் மனைவிக்குத் தெரியாது. அவ சொன்னது அத்தனையும் சத்தியம். பொய் என்னோடது. இந்த ரத்தத்தை நம்பி யாரும் எதையும் நிறுத்திடாதீங்க."

உதவியாளர் வாயைப் பிளந்தபடி, "அப்போ கெட்டில்ல அவிச்சது..." என்று பாதியில் நிறுத்தினார்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"முட்டை போகட்டும்," என்றாள் மெதுவாக. "பயத்துல கொடுத்துட்டீங்க. எனக்கும்தான் எத்தனையோ நாள் பயமா இருந்துச்சு. என்கிட்ட வந்து பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். ஏழு வயசுக் குழந்தையை அம்மாகிட்ட மறைக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவ என்ன கேட்டா?"

"பொய் சொல்லணுமான்னு கேட்டா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தராசுக்காரருக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு பட்டாணியும், அவள் பின்னால் கழுத்தில் விசிலோடு நீச்சல் மாஸ்டரும் வந்தார்கள். பட்டாணி கூட்டத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உடனே மாஸ்டரின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இங்க வாம்மா," என்றார் டாக்டர். "பயப்படாதே. அப்பா கொடுத்த முட்டை எல்லாம் சாப்பிட்டியா?"

பட்டாணி மாஸ்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டருக்குத்தான் வியர்த்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேராகத் தராசுக்காரரிடம் வந்து கும்பிட்டார்.

"சார், பாப்பா மேல தப்பில்லை, 'எங்க வீட்ல யாரும் முட்டை சாப்பிட மாட்டோம், வேண்டாம்னா அப்பா அழுதுடுவார், நீங்க சாப்பிட்டுடுங்க மாஸ்டர், அம்மாகிட்டயும் சொல்லாதீங்க அப்பாகிட்டயும் சொல்லாதீங்க'ன்னு வாரா வாரம் கொண்டு வந்து கையில வச்சா நான் என்ன சார் பண்ணுவேன், அதுலயும் உப்புகூட இல்லாமதான் சார் தின்னேன்!"